வண்டி செட்டில் போன் பாட்டு: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வண்டிகளுக்கு ஸ்டீரியோ மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். நேரில் வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். "செட் போச்சு, புதுசு மாட்டணும்" என்று வரும் வண்டிகளில் பலவற்றில் செட்டுக்கு ஒன்றுமே இருக்காது. கோளாறு பாட்டு ஃபைலில் இருக்கும், பென்டிரைவ் ஃபார்மட்டில் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு வயரில் இருக்கும். அதைப் பார்க்காமல் யாரும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போனில் இருக்கும் பாட்டை வண்டியில் கேட்க எது நல்ல வழி?

முதலில் செட்டின் முகப்பைப் பாருங்கள். யூஎஸ்பி இருக்கிறதா, ஆக்ஸ் என்று எழுதிய சின்ன வட்ட ஓட்டை இருக்கிறதா, புளூடூத் குறி இருக்கிறதா, இல்லை கேசட்டும் ரேடியோவும் மட்டும்தானா? இருப்பதைப் பொறுத்துத்தான் வழி.

எல்லாமே இருந்தால் நான் பென்டிரைவைத்தான் சொல்வேன். போன் சார்ஜ் இறங்காது, பாட்டுக்கு நடுவே அழைப்பு வந்து வெட்டாது, டவர் வேண்டாம். அடுத்தது ஆக்ஸ். ஒழுங்கான வயர் போட்டால் சத்தம் தெளிவாக இருக்கும். சௌகரியத்துக்கு புளூடூத். எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை (போன் பாட்டை எஃப்எம் அலையாக ரேடியோவுக்கு அனுப்பும் கருவி) வேறு வழியே இல்லாதபோது மட்டும் வாங்குங்கள். அதிலும் நம் மாவட்டத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஆப்பிலேயே பாட்டு ஓடுகிறதே, பென்டிரைவ் எதற்கு?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற ரோட்டில் ஆப் போதும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை, மாறாமலை எஸ்டேட் பக்கம் ஏறினால் டவர் விட்டு விட்டுத்தான் வரும், பாட்டும் அப்படியே நின்று நின்று ஓடும். ஆப்பை விட மனமில்லை என்றால் கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் பாட்டை டவுன்லோடு செய்து, ஆப்பை ஆஃப்லைனில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி டவுன்லோடு செய்த பாட்டை பென்டிரைவுக்கு மாற்றலாமா?

முடியாது. சந்தா கட்டிக் கேட்கும் ஆப்புகளில் டவுன்லோடு ஆகும் பாட்டு பூட்டிய ஃபைலாக இருக்கும். அந்த ஆப்பைத் தவிர வேறு எதிலும் திறக்காது. சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். பென்டிரைவில் போட வேண்டுமானால் ஃபைலாகவே விலைக்கு வாங்கிய பாட்டோ, உங்களிடம் இருக்கும் சிடியிலிருந்து எடுத்ததோ வேண்டும்.

அண்ணே, புது 64 ஜிபி பென்டிரைவ் வாங்கினேன். செட்டில் சொருகினால் ஃபைல் இல்லை என்று காட்டுகிறது. கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறது.

இந்த ஒரு கேள்விதான் என்னிடம் அதிகம் வருவது. பென்டிரைவுக்குள் ஃபைல்களை அடுக்கும் முறைகள் பல உண்டு. அவற்றில் ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்ற மூன்றும்தான் நமக்குப் பழக்கம். வண்டி செட்டுகளில் பெரும்பாலானவை ஃபேட்32 மட்டும்தான் படிக்கும். கடையில் வாங்கும் 64 ஜிபி பென்டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வரும். செட்டின் கண்ணுக்கு அது காலி.

எளிய தீர்வு: 16 அல்லது 32 ஜிபி பென்டிரைவ் வாங்குங்கள். அதைக் கம்ப்யூட்டரில் சொருகி, உள்ளே முக்கியமான எதுவும் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, ரைட் கிளிக், ஃபார்மட், ஃபேட்32 என்று கொடுங்கள். விண்டோஸில் வழக்கமான ஃபார்மட் மெனு 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32-ஐக் காட்டாது. 64 ஜிபியைத்தான் பயன்படுத்துவேன் என்றால் அதற்குத் தனி இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனாலும் பழைய செட்டுகள் பல 32 ஜிபிக்கு மேல் திணறும், ஆகவே சின்னதே நல்லது. அளவிலும் சின்னதாக, நகத்தளவு நீட்டிக்கொண்டிருக்கும் வகையைப் பாருங்கள். நீளமான பென்டிரைவ் கால்முட்டியில் இடிபடும், ரோட்டுக் குழியில் ஆடும், கடைசியில் செட்டின் யூஎஸ்பி ஓட்டையே தளர்ந்துவிடும்.

பாட்டெல்லாம் ஓடுகிறது, ஆனால் வரிசை மாறி மாறி வருகிறது. ஒன்று, இரண்டு என்று நம்பர்கூடப் போட்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பெயர்வாரியாக அடுக்கிக் காட்டும். பழைய செட் அப்படி அடுக்காது. பென்டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் பாடும். ஆகவே பென்டிரைவை ஒரு தடவை ஃபார்மட் செய்துவிட்டு, ஃபோல்டர் ஃபோல்டராக, நீங்கள் கேட்க விரும்பும் வரிசையிலேயே காப்பி செய்யுங்கள். ஏற்கெனவே நிறைத்துவிட்டீர்கள் என்றால், உள்ளிருக்கும் பட்டியலை மட்டும் வரிசைப்படுத்தித் தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸில் டிரைவ்சார்ட், லினக்ஸில் ஃபேட்சார்ட்.

நம்பர் போடும்போது 1, 2, 10 என்று போடாதீர்கள். 001, 002, 010 என்று போடுங்கள். புதுச் செட்டுகளில் பெயர்வாரியாக அடுக்குபவை உண்டு. அவற்றில் சில 1-க்கு அடுத்து 10-ஐத்தான் எடுக்கும்.

சில பாட்டுகளை மட்டும் தாண்டிப் போகிறது. ஏன்?

அந்த ஃபைல் எம்பி3 இல்லை. இணையத்திலிருந்து எடுத்த ஆடியோ பல நேரம் எம்4ஏ ஆகவோ ஓபஸ் ஆகவோ இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவும் ஓபஸ்தான். பெயரின் கடைசியில் எம்பி3 என்று மாற்றி எழுதினால் ஃபைல் மாறிவிடாது. கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி மாதிரி ஒரு மென்பொருளில் திறந்து எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். எந்த வண்டியில் சொருகினாலும் ஓட வேண்டும் என்றால் இன்றைக்கும் எம்பி3-தான். அதன் மீதிருந்த காப்புரிமைகள் 2017-ல் முடிந்துபோயின. இன்று அதைப் படிக்காத செட்டைப் பார்ப்பது அரிது.

மேக் கம்ப்யூட்டரில் காப்பி செய்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கூடவே, புள்ளியும் அடிக்கோடும் வைத்துத் தொடங்கும் ஒரு மறைவு ஃபைல் வந்திருக்கும். செட் அதையும் பாட்டு என்று நினைத்துத் திணறும். அவற்றை மட்டும் அழித்தால் சரியாகிவிடும்.

128-ஆ, 320-ஆ? 32 ஜிபியில் எத்தனை பாட்டு பிடிக்கும்?

இந்த எண்கள் ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு டேட்டா என்ற கேபிபிஎஸ் அளவு. 128 கேபிபிஎஸ் என்றால் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 1 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 5 எம்பி. 320 என்றால் அதே பாட்டு 12 எம்பி. 32 ஜிபியில் முன்னது 6000 பாட்டு பிடிக்கும், பின்னது 2500 பிடிக்கும். ஓடுகிற வண்டியில் டயர் சத்தத்துக்கும் எஞ்சின் சத்தத்துக்கும் நடுவே 192-க்கு மேல் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 128-ல் இருப்பதை 320 ஆக மாற்றுவதில் ஒரு பயனும் இல்லை. ஃபைல் பெரிதாகும், பாட்டு அதேதான்.

இன்னொன்று, இடம் இருக்கிறது என்று ஒரே ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் கொட்டாதீர்கள். ஒரு ஃபோல்டரில் இத்தனை ஃபைல்தான் என்று செட்டுக்கு எல்லை உண்டு, மேனுவலில் எழுதியிருக்கும். அதைத் தாண்டியவை காணாமலே போகும்.

பாட்டின் பெயரைத் தமிழில் வைத்தால் கட்டம் கட்டமாகக் காட்டுகிறது.

செட்டுக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. அதைப் பயனர் ஏற்ற முடியாது. ஃபைல் பெயரையும், உள்ளே இருக்கும் டேக்கையும் (பாட்டின் பெயர், பாடியவர் பெயர் பதிந்திருக்கும் குறிப்பு) ஆங்கில எழுத்தில் வைப்பது ஒன்றுதான் வழி. ஃபைல் பெயரை மாற்றியும் கட்டம் வருகிறது என்றால், செட் டேக்கைக் காட்டுகிறது என்று அர்த்தம். எம்பி3டேக் என்ற மென்பொருளில் நூறு பாட்டுக்கும் ஒரே நேரத்தில் மாற்றலாம். சேமிக்கும்போது ஐடி3 2.3 என்ற டேக் வகையைத் தேர்ந்தெடுங்கள், பழைய செட்டுகளுக்கு அதுதான் ஒத்துவரும். புது ஆண்ட்ராய்டு திரைகளில் இந்தப் பிரச்சினை கிடையாது, தமிழ் தமிழாகவே தெரியும்.

போனையே யூஎஸ்பி வயரில் சொருகினேன். சார்ஜ் மட்டும் ஏறுகிறது, பாட்டு வரவில்லை.

இரண்டு காரணம். வயர் சார்ஜுக்கு மட்டும் ஆனதாக இருக்கலாம். மலிவான வயர்களில் டேட்டா கம்பியே இருக்காது. இரண்டாவது, இப்போதைய ஆண்ட்ராய்டு போன் எதுவும் பென்டிரைவ் மாதிரி தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று கொடுத்தாலும் பழைய செட்டுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஐபோனும் செட்டில் அதற்கான வசதி இருந்தால்தான் பாடும். இதில் மல்லுக்கட்ட வேண்டாம், புளூடூத்துக்கோ பென்டிரைவுக்கோ போய்விடுங்கள்.

புளூடூத்தில் இணைந்துவிட்டது. அழைப்பு ஸ்பீக்கரில் கேட்கிறது, பாட்டு மட்டும் போனிலேயே கேட்கிறது.

அழைப்புக்கும் பாட்டுக்கும் புளூடூத்தில் தனித்தனிப் பாதை. போனில் புளூடூத் செட்டிங்ஸுக்குப் போய் வண்டியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரக் குறியைத் தொடுங்கள். மீடியா ஆடியோ என்பது அணைந்திருக்கும், அதைப் போடுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் செட்டில் அந்தப் பாதையே இல்லை. பழைய செட்டுகள் சிலவற்றில் புளூடூத் பேசுவதற்கு மட்டும்தான். செட்டில் ஆக்ஸ் இருந்தால் அதில் சொருகும் சின்ன புளூடூத் ரிசீவர் ஒன்று வாங்கினால் போதும்.

இணையவே மாட்டேன் என்கிறதா? செட் நினைவில் வைத்திருக்கும் போன்களுக்கு ஒரு கணக்கு உண்டு. வீட்டில் எல்லோருடைய போனும், மச்சான் போனும் சேர்ந்து பட்டியல் நிரம்பியிருக்கும். பழையவற்றை அழியுங்கள். எண் கேட்டால் 0000 அல்லது 1234.

நான் கன்னியாகுமரியில் டாக்சி ஓட்டுகிறேன். வரும் பயணிகள் எல்லாம் தங்கள் போனை இணைக்கச் சொல்கிறார்கள். பிரச்சினை வருமா?

இணைக்க விடுங்கள். வங்காளத்திலிருந்து வருகிறவர்களுக்கும் மகாராஷ்டிராவிலிருந்து வருகிறவர்களுக்கும் அவர்கள் ஊர்ப் பாட்டு கேட்டால் சந்தோஷம். ஆனால் இணைக்கும்போது தொடர்பு எண்களைப் பகிரவா என்று போன் கேட்கும். பலர் யோசிக்காமல் சரி என்று அமுக்கிவிடுவார்கள். அவர்கள் வீட்டு எண்கள் எல்லாம் உங்கள் செட்டுக்குள் வந்துவிடும். வேண்டாம் என்று அமுக்கச் சொல்லுங்கள், பாட்டுக்கு அது தேவையே இல்லை. சவாரி முடிந்ததும் அந்த போனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பயணியாக வாடகை வண்டியில் போகும்போது நீங்களும் இப்படியே செய்யுங்கள்.

கார்த்திகையில் சபரிமலை சீசன் தொடங்கியதும் ஐயப்பன் பாட்டுக்குத் தனி பென்டிரைவ் வைத்துக்கொள்ளும் டிரைவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஃபோல்டர் தேடி ஓட்டும்போது விரல் அலைய வேண்டாம்.

ஆக்ஸ் வயரில் பாட்டு கேட்கும்போது கூடவே கீ என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது.

போனைச் சார்ஜரிலும் போட்டிருக்கிறீர்கள், சரியா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், சத்தம் நின்றுவிடும். போனின் எர்த் சார்ஜர் வழியாகவும் போகிறது, ஆக்ஸ் வயர் வழியாகவும் போகிறது. இரண்டு பாதையும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது. ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) இரைச்சல் அந்த வளையத்துக்குள் புகுந்து ஸ்பீக்கர் வரை வருகிறது. எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது அதனால்தான்.

கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்னப் பொருள் கிடைக்கும். ஆக்ஸ் வயருக்கு நடுவே மாட்டினால் வளையம் அறுந்துவிடும். மிக மலிவானதை வாங்கினால் பேஸ் கொஞ்சம் குறையும், பார்த்து வாங்குங்கள். சார்ஜரைப் பிடுங்கியும் சத்தம் வருகிறது, பென்டிரைவில் கேட்டாலும் வருகிறது என்றால் செட்டின் எர்த் வயர் பாடியில் சரியாகப் பிடிக்கவில்லை. பெயிண்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் இறுக்கமாகப் போல்ட் போட வேண்டும்.

ஆக்ஸில் கேட்கும்போது போனின் வால்யூமை முக்கால் அளவுக்கு மேல் வைத்து, மீதியைச் செட்டில் கூட்டுங்கள். போனில் குறைவாக வைத்துச் செட்டில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும்.

புது போனில் ஆக்ஸ் சொருக இடமே இல்லையே?

ஐபோனில் அது 2016-லேயே போய்விட்டது, மற்ற போன்களிலும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. டைப் சி-யிலிருந்து ஆக்ஸுக்கு மாற்றும் சின்ன வயர் வாங்குங்கள். எல்லா வயரும் எல்லா போனுக்கும் ஆகாது. சில போன்கள் டைப் சி வழியாகவே அனலாக் சத்தத்தை அனுப்பும், சில அனுப்பாது. டிஏசி சிப் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சத்தமாக மாற்றுவது) உள்ளே இருக்கும் வயர் என்று கேட்டு வாங்கினால் பெரும்பாலும் இரண்டு வகை போனுக்கும் ஒத்துவரும்.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் நாகர்கோவிலில் நன்றாகப் பாடுகிறது. களியக்காவிளை போனால் யாரோ மலையாளத்தில் பேசுகிறார்கள்.

நான் மேலே சொன்ன தனிச் சிக்கல் இதுதான். டிரான்ஸ்மிட்டர் என்பது வண்டிக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். அதே அலைவரிசையில் உண்மையான நிலையம் ஒன்று வந்துவிட்டால் இது தோற்றுப்போகும். நம் மாவட்டம் இரண்டு பெரிய ஊர்களின் அலைக்கு நடுவே கிடக்கிறது. மேற்கே குழித்துறை தாண்டினால் திருவனந்தபுரம் நிலையங்கள் பலமாக வரும். கிழக்கே ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டினால் திருநெல்வேலி நிலையங்கள். நடுவில் நாகர்கோவில் வானொலி 101.0-ல் இருக்கிறது, அனந்தபுரி எஃப்எம் என்று சொல்லிவந்த திருவனந்தபுரம் வானொலி 101.9-ல். 93.5 என்ற ஒரே எண்ணில் திருநெல்வேலியிலும் நிலையம் உண்டு, திருவனந்தபுரத்திலும் உண்டு.

ஆகவே ஒரே எண்ணை நம்பாதீர்கள். களியக்காவிளைப் பக்கம் போகும்போது ஒரு நாள் ரேடியோவை மெதுவாகத் திருப்பி, வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலையத்திலிருந்து அரை மெகாஹெர்ட்ஸாவது தள்ளி இருக்கட்டும். ஆரல்வாய்மொழிப் பக்கமும் இப்படி ஒன்று. இரண்டையும் ரேடியோவின் 1, 2 பட்டன்களில் பதிந்து வையுங்கள். பக்கம் மாறும்போது வண்டியை ஓரம் கட்டி டிரான்ஸ்மிட்டரையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு செட் கொண்டுவந்தான். எல்லாம் ஓடுகிறது, நாகர்கோவில் வானொலி மட்டும் சரியாக வரவில்லை.

ஐயா, அதுவும் பழுதில்லை. அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் 100.9, 101.1 என்று ஒற்றைப்படையில் மட்டுமே இருக்கும். அந்த ஊர் செட்டும் அப்படியே தாவித் தாவித்தான் போகும், 101.0-ல் நிற்காது. செட்டிங்ஸில் ஏரியா அல்லது ரீஜன் என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். அதை ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றினால் 101.0 கிடைக்கும். அந்த மெனு இல்லாத செட்டும் உண்டு. அதில் ரேடியோவை விட்டுவிட்டு மற்றதைக் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய வண்டி, கேசட் செட். பிடுங்கிப் போட மனசு வரவில்லை.

பிடுங்க வேண்டாம். கேசட் அடாப்டர் என்று ஒன்று இருக்கிறது. கேசட் மாதிரியே இருக்கும், ஒரு வயர் தொங்கும், அதன் முனையைப் போனில் சொருக வேண்டும். டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் காந்தத் தலை இருந்து, செட்டின் தலைக்குப் பாட்டைக் கடத்தும். எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைவிட எவ்வளவோ மேல், களியக்காவிளையிலும் தகராறு செய்யாது. போடும் முன் செட்டின் அந்தத் தலையை (ஹெட்) ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

எங்கள் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் பாடிய வில்லுப்பாட்டு, அப்பா பதிந்த கேசட்டில் இருக்கிறது. அதைப் பென்டிரைவில் போட முடியுமா?

முடியும். தயவுசெய்து சீக்கிரம் செய்யுங்கள். இந்தப் பக்கத்தில் நான் மிக முக்கியமாக நினைக்கும் பதில் இதுதான். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஊர் இது. அவர் வில்லை மேடைக்குக் கொண்டுபோனதை ஊரறியும். ஆனால் நம் ஊர்க் கோவில்களில் விடிய விடியப் பாடிய எத்தனையோ புலவர்களின் குரல், யாரோ ஒருவர் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிந்த கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. அது கடையில் கிடைக்காது, எந்த ஆப்பிலும் வராது. நம் ஊர் ஈரத்தில் கேசட் பூசணம் பிடித்துவிடும்.

முதலில் கேசட்டைப் பாருங்கள். ஜன்னல் வழியே டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் போடாதீர்கள். போட்டால் பூசணம் பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நன்றாக இருப்பதை ஒரு முறை முழுக்க முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே ஓட்டுங்கள். ஒட்டிக்கிடந்த டேப் தளரும்.

அப்புறம், ஓடுகிற நிலையில் ஒரு கேசட் பிளேயர் வேண்டும். அதன் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஆக்ஸ் வயர் எடுத்து, கம்ப்யூட்டரில் லைன் இன் என்ற நீல ஓட்டையில் சொருகுங்கள். லேப்டாப்பில் பெரும்பாலும் அது இருக்காது. மைக் ஓட்டையில் சொருகினால் சத்தம் கிழிந்து கேட்கும். அதற்கு யூஎஸ்பியில் மாட்டும் லைன் இன் கருவி வாங்குவது நல்லது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, 44100 ஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். புலவர் உச்சத்தில் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 6-ஐ ஒட்டி நிற்கும்படி பிளேயரின் வால்யூமை வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் கிழிந்துவிடும், கிழிந்ததைப் பின்னால் சரிசெய்ய முடியாது. குறைவாக இருந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

கேசட் ஓடுகிற நேரம் அவ்வளவும் காத்திருக்கத்தான் வேண்டும். 60 என்று போட்ட கேசட்டில் ஒரு பக்கம் அரை மணி, 90-ல் முக்கால் மணி. ஒரு இரவுக் கதைக்குப் பல கேசட் இருக்கும். 01ஏ, 01பி, 02ஏ என்று பக்கம்வாரியாகப் பெயர் வையுங்கள். வரிசை கலைந்தால் கதை கலைந்துவிடும். இரைச்சல் நீக்கும் வசதியை அளவாகப் போடுங்கள். அதிகம் போட்டால் குடத்தின் அடியும் உடுக்கை ஒலியும் மங்கிப்போகும். எதற்கும் தொடாத பதிவு ஒன்றை, தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் வடிவில் தனியே வைத்துவிடுங்கள், வேறொரு ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

வண்டிக்கு மோனோ எம்பி3 போதும், ஒற்றை மைக்கில் பதிந்தது என்றால் ஸ்டீரியோ ஆக்குவதில் லாபமில்லை. அரை மணி ஃபைலை அப்படியே போடாதீர்கள். வண்டியை நிறுத்தி எடுத்தால் பல செட்டுகள் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஐந்து, பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்தால் விட்ட இடம் பக்கத்திலேயே கிடைக்கும். பாடிய குழுவினர் இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். மற்றவர்களுக்குப் பரப்பும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சர்ச் பாடகர் குழுக்களின் பழைய கேசட்டுகளுக்கும் இதே முறைதான்.

பழைய பாட்டு மெதுவாகக் கேட்கிறது, அடுத்து புதுப் பாட்டு வந்தால் காது கிழிகிறது.

புதுப் பாட்டுகள் சத்தத்தை ஏற்றியே பதியப்படுகின்றன. எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருளில் எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம். பாட்டை மறுபடி சுருக்காமல் சத்தத்தின் அளவை மட்டும் மாற்றுவதால் தரம் கெடாது. 89 டெசிபல் என்று அதிலேயே இருக்கும், அதை மாற்ற வேண்டாம்.

சாவியை அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் கடிகாரம், பாட்டு, எல்லாம் மறந்துபோகிறது.

வெளியே வாங்கி மாட்டும் செட்டில் மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வாங்குவது, அதுதான் நினைவுக்கு. சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் வருவது. இரண்டையும் மாற்றி மாட்டியிருக்கிறார்கள், அல்லது மஞ்சளையும் சாவிக் கம்பியில் கொடுத்துவிட்டார்கள். சில ஐரோப்பிய வண்டிகளில் இந்த இரண்டு பின்னும் இடம் மாறியே வரும், தெரியாமல் அப்படியே சொருகியிருப்பார்கள். பத்து நிமிட வேலை. எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. சிவப்பையும் நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டால் செட் அணையாமலே இருந்து பேட்டரியை இறக்கிவிடும்.

லாரியிலோ விசைப்படகிலோ கார் செட்டை மாட்டலாமா?

பேட்டரி எத்தனை வோல்ட் என்று பார்க்காமல் மாட்டாதீர்கள். கார் செட் 12 வோல்ட். லாரி, பஸ், தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் பெரிய விசைப்படகு போன்றவற்றில் 24 வோல்ட் இருக்கலாம். நேராகக் கொடுத்தால் செட் புகைந்துவிடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் மாட்டி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டியிருந்தால், ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதும் தப்பு. அந்த ஒரு பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். படகில் வயர்லெஸ் பேச்சு கேட்காத அளவுக்குப் பாட்டை வைக்காதீர்கள்.

குளச்சலில் வீடு. வருடத்துக்கு ஒரு ஆக்ஸ் வயர் போகிறது.

உப்புக் காற்று. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரம் வண்டி நிற்கும் இடமெல்லாம் இதே கதை. பின்னில் பச்சையாகப் படிந்திருக்கும், அதனால்தான் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடுவதும் கரகரப்பதும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள், தண்ணீர் வேண்டாம். பயன்படுத்தாதபோது ஆக்ஸ், யூஎஸ்பி ஓட்டைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். தங்கப்பூச்சு உள்ள பின் கொஞ்சம் விலை கூட, ஆனால் கடலோரத்தில் அது பிழைக்கும்.

பெட்டியில் 1000 வாட் என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

அந்த எண்ணைப் பார்க்காதீர்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று எழுதிய எண்ணைப் பாருங்கள். ஆம்பிளிஃபையர் இல்லாமல் செட் மட்டும் தருவது ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட் ஆர்எம்எஸ். ஆயிரத்துக்கு இருப்பது பெட்டியின் பெயிண்ட் மட்டும்தான். காசு செலவழிக்க நினைத்தால் கதவு ஸ்பீக்கரை மாற்றுங்கள், அதில்தான் வித்தியாசம் கேட்கும்.

போனின் ஆப்புகளை வண்டித் திரையில் காட்டும் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ அடிக்கடி அறுந்துபோகிறது.

வயரை மாற்றுங்கள். 1 மீட்டருக்குள், டேட்டா போகும் தரமான வயர். பத்தில் ஒன்பது வண்டியில் இதோடு முடிந்துவிடும்.

ஓட்டும்போது போனில் பாட்டை மாற்றினால் அபராதம் உண்டா?

உண்டு. கையில் போன் வைத்துக்கொண்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்த 2020-ல் அனுமதி கொடுத்தார்கள். பாட்டு மாற்றுவது அதில் சேராது. ஸ்டீயரிங்கில் பட்டன் இருந்தால் அதைப் பழகுங்கள். இல்லையென்றால் கிளம்பும் முன்பே ஃபோல்டரைத் தேர்ந்துவிடுங்கள். தக்கலைக்கும் குழித்துறைக்கும் நடுவே அந்த வளைவுகளில் ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்க முடியாது.

சரி, புது செட் எப்போதுதான் வாங்குவது?

திரை செத்துப்போய், பட்டன்கள் வேலை செய்யாமல், உள்ளே ஆம்பிளிஃபையர் ஐசி எரிந்து நாலு ஸ்பீக்கரும் ஊமையானால் வாங்குங்கள். வாங்கும் முன் உங்கள் டாஷ்போர்டில் இருப்பது 5 சென்டிமீட்டர் உயரமுள்ள சிங்கிள் டின் இடமா, 10 சென்டிமீட்டர் உயரமுள்ள டபுள் டின் இடமா என்று அளந்துகொண்டு போங்கள். மாட்டுகிறவரிடம் வண்டியின் ஒரிஜினல் வயரை வெட்டாமல், அதற்குரிய கப்ளர் (வயர்களை வெட்டாமல் இணைக்கும் சொருகி) வாங்கி மாட்டச் சொல்லுங்கள். வயர் கழற்றுகிறோம் என்று உங்கள் கண் முன்னாலேயே வெட்டினால் நிறுத்தச் சொல்லலாம், அது உங்கள் வண்டி. கழற்றிய பழைய செட்டை ஸ்க்ரூக்களோடும் பிராக்கெட்டோடும் ஒரு பையில் போட்டு வீட்டில் வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.